பதினைந்து டாலரும் ஒரு பிரிஸ்டல் அட்டையும்: 1900களின் இயந்திரக் காப்புரிமை விண்ணப்பம்

பழைய அமெரிக்கக் காப்புரிமைகளை இணையத்தில் புரட்டுகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டு வேலைப்பாடு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கண்டுபிடிப்பாளருக்கு அரசு கொடுத்த சொத்து அந்தப் படத்தில் இல்லை. கடைசிப் பக்கத்தில் எண் போட்டு வரிசையாக நிற்கும் நீண்ட வாக்கியங்களில்தான், அதாவது உரிமைக்கோரல்களில்தான், இருக்கிறது. அங்கே ஒரு சொல் கூடினால் உரிமை சுருங்கும். ஒரு சொல் குறைந்தால் பரிசோதகர் திருப்பி அனுப்புவார். 1900 முதல் 1925 வரை ஓர் இயந்திரக் கண்டுபிடிப்பு வாஷிங்டன் காப்புரிமை அலுவலகத்துக்கு எந்த வடிவில் போனது, எந்தெந்த இடத்தில் முறிந்தது என்பதை இங்கே பார்க்கலாம்.

அனுப்ப வேண்டியவை ஐந்து: காப்புரிமை வேண்டும் மனு, எந்திரத்தை எழுத்தில் விளக்கும் விவரக்குறிப்பும் அதன் முடிவில் உரிமைக்கோரல்களும், உறுதிமொழி, வரைபடம், 15 டாலர் கட்டணம் (1922இல் 20 ஆனது). ஐந்தும் வந்து சேர்ந்தால்தான் அது முழு விண்ணப்பம். நான்கு வந்து வரைபடம் மட்டும் வராமல் இருந்தால், மற்றவை மேசையில் காத்திருக்கும், தாக்கல் தேதி கிடைக்காது. போட்டியாளர் ஒருவர் அதே வாரத்தில் தாக்கல் செய்திருந்தால் இதன் விலை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் ஆறு மாதத்துக்குள் இன்னொரு 20 டாலர். ஆக 1922 வரை 35 டாலருக்கு, வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு உரிமை. இடையில் புதுப்பிப்புக் கட்டணம் எதுவும் கிடையாது. அதே காலத்து பிரிட்டனில் நுழைவு மலிவு: தற்காலிக விவரக்குறிப்புக்கு 1 பவுண்டு, முழு விவரக்குறிப்புக்கு 3 பவுண்டு. ஆனால் நான்காம் ஆண்டு முடிவிலிருந்து ஆண்டுதோறும் ஏறும் கட்டணம் கட்டாவிட்டால் உரிமை செத்துப்போகும். அங்கே முழுக்காலமே 14 ஆண்டுதான், 1919இல்தான் 16 ஆனது.

மாதிரி வேண்டுமா என்று பலரும் கேட்பதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரத்திலும் பித்தளையிலும் சின்ன மாதிரி செய்து அனுப்பும் கட்டாயம் இருந்தது உண்மை. 1880 வாக்கில் அது பொது விதியாக இல்லாமல் போயிற்று. அதன் பிறகு பரிசோதகர் குறிப்பாகக் கேட்டால் மட்டுமே. நிற்காமல் தானே ஓடும் எந்திரம் என்று யாராவது விண்ணப்பித்தால், ஓடும் மாதிரியைக் காட்டு என்று கேட்பது அலுவலகத்துக்குப் பழகிப்போன தற்காப்பு.

விண்ணப்பிக்க வேண்டியவர் கண்டுபிடித்த ஆள்தான். அன்று நிறுவனம் விண்ணப்பதாரராக முடியாது. நோட்டரி முன்னால் நின்று, நானே முதலும் உண்மையுமான கண்டுபிடிப்பாளர் என்று உறுதிமொழி எடுப்பவர் மனிதராக இருக்க வேண்டும். இதில் அடிக்கடி நடந்த விபத்து ஒன்று உண்டு. பட்டறைக்காரரிடம் யோசனை இருக்கும், பணம் இன்னொருவரிடம் இருக்கும். நன்றிக்கடனாகவோ பேரமாகவோ பணம் போட்டவரையும் கூட்டுக் கண்டுபிடிப்பாளராக எழுதிவிடுவார்கள். அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது வழக்கில் வெளிவந்தால் காப்புரிமையே செல்லாது. பணம் போட்டவருக்குப் பங்கு தரச் சரியான வழி எழுத்து மூலமான உரிமை மாற்றம். அதை மூன்று மாதத்துக்குள் அலுவலகத்தில் பதிய வேண்டும். பதியாமல் விட்டு, விஷயம் தெரியாத மூன்றாம் ஆளுக்குக் கண்டுபிடிப்பாளர் மறுபடியும் விற்றுவிட்டால், முதலில் வாங்கியவர் கையில் காகிதம்தான் மிஞ்சும். காப்புரிமை நேராக நிறுவனத்தின் பெயரிலேயே வெளிவர வேண்டுமானால், கடைசிக் கட்டணம் கட்டும் நாளுக்குள் அந்த மாற்றம் பதிவாகியிருக்க வேண்டும். பழைய காப்புரிமைத் தலைப்பில் ஆளின் பெயருக்குப் பின்னால் இன்ன கம்பெனிக்கு உரிமை மாற்றியவர் என்று நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

வரைபடத்துக்கு வருவோம். விதி மிகக் கறார். மூன்றடுக்கு பிரிஸ்டல் அட்டை, வழவழப்பாக அழுத்தியது. அளவு சரியாக 10 அங்குல அகலம், 15 அங்குல உயரம். விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே மெல்லிய எல்லைக்கோடு. ஆகவே வரையக் கிடைக்கும் இடம் 8க்கு 13. அதிலும் மேலே ஒன்றேகால் அங்குலத்தைத் தலைப்புக்காகக் காலியாக விட வேண்டும். பெயர், தலைப்பு, தேதி எல்லாம் அலுவலகமே பின்னால் அங்கே எழுதிக்கொள்ளும். எல்லைக்கோட்டுக்குள்ளேயே கீழே வலது மூலையில் கண்டுபிடிப்பாளர் கையெழுத்து, இடது மூலையில் இரண்டு சாட்சிகள் கையெழுத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சாட்சி இல்லாத வரைபடம் திரும்பி வரும். அட்டையை மடித்து அனுப்பவும் கூடாது.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் அச்சு. வரைபடத்தைப் புகைப்பட முறையில் சுருக்கிக் கல்லச்சில் எடுப்பார்கள். அந்த முறைக்குக் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும், சாம்பல் நிறம் தெரியாது. அதனால்தான் தூரிகை நிழல் கூடாது, பென்சில் கூடாது, நீர்த்த மை கூடாது. முழுக் கறுப்பான இந்தியன் மை மட்டும். வெட்டுத் தோற்றத்தை அடர்கறுப்பாக நிரப்பவும் கூடாது, இடைவெளி விட்ட சாய்கோடுகளால் காட்ட வேண்டும். கோடுகளை நெருக்கமாக இழுத்த வரைவாளரின் அழகான நிழல், சுருக்கிய அச்சில் மைத்திட்டாக ஒட்டிப்போகும். தெளிவுக்கு எவ்வளவு குறைந்த கோடு போதுமோ அவ்வளவே போடு என்று விதியே சொன்னது. ஒளி இடது மேல் மூலையிலிருந்து 45 பாகையில் விழுவதாக வைத்துக்கொண்டு, நிழல் விழும் பக்கத்து ஓரக்கோட்டை மட்டும் தடிமனாக்குவார்கள். பழைய காப்புரிமைப் படங்களில் உருளை உருளையாகவும் தட்டு தட்டாகவும் உடனே தெரிவதற்கு இந்த ஒரு மரபு போதும்.

குறி எண்கள் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு பாகத்துக்கு ஓர் எண் கொடுத்தால் எல்லாத் தோற்றங்களிலும் அதே எண்தான். வேறு பாகத்துக்கு அந்த எண்ணைத் தரக் கூடாது. கேட்க எளிது. ஆனால் நான்கு தோற்றம், முப்பது பாகம், இரண்டு முறை திருத்திய வரைவு என்று போகும்போது வழுக்குவது இங்கேதான். விவரக்குறிப்பில் 17 ஸ்பிரிங், மூன்றாம் படத்தில் 17 ஆணி. பரிசோதகரின் முதல் கடிதத்தில் பாதி இப்படிப்பட்ட பொருந்தாமைகளாகவே இருக்கலாம். உரிமைக்கோரலில் சொல்லும் ஒவ்வொரு பாகமும் படத்தில் இருந்தாக வேண்டும் என்பது இன்னொரு பொறி. இல்லாத பாகத்தைப் பிற்பாடு வரைந்து சேர்க்க முடியுமா என்பதைக் கீழே பார்ப்போம்.

விவரக்குறிப்பின் எலும்புக்கூடு எல்லாருக்கும் ஒன்றே. இன்னாராகிய நான், இன்ன நாட்டுக் குடிமகன், இன்ன ஊரில் வசிப்பவன், இன்ன கருவியில் புதிய பயனுள்ள மேம்பாடுகளைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்று தொடக்கம். பிறகு நோக்கம் இரண்டொரு வரியில், படங்களின் பட்டியல், பாகம் பாகமாக அமைப்பு, இயங்கும் முறை, உரிமைக்கோரல்கள், கையெழுத்துகள். காகிதத்தின் ஒரு பக்கம் மட்டுமே எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே ஓரத்தில் குறித்திருக்க வேண்டும். இயங்கும் முறையை ஒழுங்காக எழுதாதவர்கள் நிறையப் பேர். பாகங்களை ஒன்றுவிடாமல் எண்ணோடு வர்ணித்துவிட்டு, கைப்பிடியைத் திருப்பினால் எது எதைத் தள்ளுகிறது என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். அந்தத் தொழிலில் தேர்ந்த ஒருவர் இதைப் படித்து அப்படியே செய்ய முடிய வேண்டும் என்பது சட்டம். முடியாவிட்டால், எவ்வளவு நல்ல எந்திரமாக இருந்தாலும் காப்புரிமை விழும்.

இனி உரிமைக்கோரல். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போலத்தான் இது. வீடு எவ்வளவு அழகு என்று பத்திரம் சொல்லாது, எல்லை எங்கே ஓடுகிறது என்று மட்டும் சொல்லும்.

ஓர் எடுத்துக்காட்டை நாமே உருவாக்கிப் பார்ப்போம். சுமை தூக்கும் ராட்செட் ஜாக்கி. சட்டகத்துக்குள் பல் வெட்டிய செங்குத்துச் சட்டம். பக்கத்தில் நெம்புகோல். நெம்புகோலில் கீல் போட்ட தூக்கும் நாக்கு, சட்டகத்தில் கீல் போட்ட தாங்கும் நாக்கு. இரண்டையும் ஸ்பிரிங் பல்லோடு அழுத்துகிறது. நெம்புகோலை அழுத்தினால் தூக்கும் நாக்கு ஒரு பல் ஏற்றும், தாங்கும் நாக்கு பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் பழையது. இறக்கும்போதுதான் ஆபத்து. இரண்டு நாக்குகளையும் விலக்கினால் சுமை ஒரேயடியாக விழும். நம் கண்டுபிடிப்பாளர் ஒரு விலகுமையத் தட்டை, அதாவது நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளிய அச்சில் சுழலும் வட்டத் தட்டை, சேர்க்கிறார். அதைத் திருப்பினால் ஸ்பிரிங்குகள் நாக்குகளைப் பல்லிலிருந்து வெளியே இழுக்கும். ஆனால் அந்த நேரத்தில் சுமை எந்த நாக்கின் மேல் இருக்கிறதோ அது உராய்வால் நகராது. சுமை நீங்கிய நாக்கு மட்டுமே விலகும். ஆகவே நெம்புகோலை மேலும் கீழும் ஆட்ட ஆட்ட, சுமை பல் பல்லாக இறங்கும்.

கண்டுபிடிப்பாளருக்காக விண்ணப்பம் எழுதும் காப்புரிமை முகவர் அனுபவமற்றவராக இருந்தால், இதற்கு எழுதும் கோரல் இப்படி இருக்கும்: ஒரு ஜாக்கியில், வார்ப்பிரும்புச் சட்டகம், அதனுள் சதுர வெட்டுமுகம் கொண்ட பல்சட்டம், எஃகு நெம்புகோல், தூக்கும் நாக்கு, தாங்கும் நாக்கு, ஒவ்வொன்றையும் அழுத்தும் சுருள் ஸ்பிரிங், அந்த அழுத்தத்தைத் திருப்பும் விலகுமையத் தட்டு, தட்டின் அச்சில் ஒரு கைப்பிடி ஆகியவற்றின் சேர்க்கை, மேலே விவரித்தபடி.

பார்க்க முழுமையாக இருக்கிறது. அந்த முழுமைதான் நோய். சேர்க்கைக் கோரலில் சொன்ன ஒவ்வோர் உறுப்பும் அவசியமானது என்று கோரியவரே ஒப்புக்கொண்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஓர் உறுப்பை விட்டுவிட்டுச் செய்தவர் மீறியவர் ஆகமாட்டார். போட்டியாளர் கைப்பிடியை எடுத்துவிட்டுக் கழற்றும் சாவியால் திருப்பும்படி செய்தால்? பல்சட்டத்தை உருண்டையாக்கினால்? சட்டகத்தை எஃகுத் தகட்டில் மடக்கினால்? சமமான மாற்று என்று வாதாட இடம் இருக்கிறதுதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பத்திரத்தை வாதாடித்தான் காப்பாற்ற வேண்டுமென்றால் பத்திரம் எதற்கு?

எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கோரல் இப்படி வரும்: சுமையைப் பல் பல்லாக இறக்கும் ஜாக்கி. இது விளைவை மட்டும் கோருகிறது, வழியைச் சொல்லவில்லை. 1854லேயே இதற்குப் பாதை அடைக்கப்பட்டுவிட்டது. எப்படி உருவாக்கப்பட்டாலும் சரி, மின்காந்த விசையால் தொலைவில் எழுத்துப் பதிப்பது அத்தனையும் என்னுடையது என்று தந்தி கண்ட மோர்ஸ் தன் எட்டாவது கோரலில் கேட்டார். உச்ச நீதிமன்றம் அதை மட்டும் வெட்டிவிட்டது.

சரியான இடம் நடுவில் இருக்கிறது: பல்சட்டம், நெம்புகோல், நெம்புகோலில் ஏறிய நாக்கு, நிலையாக ஏறிய இன்னொரு நாக்கு, இரண்டையும் பல்லை நோக்கித் தள்ளும் நெகிழ்சாதனம், அந்தத் தள்ளலின் திசையை மாற்றி, சுமை நீங்கிய நாக்கு மட்டும் விலகும்படி செய்யும் சாதனம் ஆகியவற்றின் சேர்க்கை. பொருள் எது, வெட்டுமுகம் எது, ஸ்பிரிங் சுருளா பட்டையா என்பதெல்லாம் போய்விட்டது. புதிய வேலையைச் செய்யும் உறவு மட்டும் நிற்கிறது. இதை முதல் கோரலாக வைத்து, விலகுமையத் தட்டைக் குறிப்பிடும் இரண்டாவது, சுருள் ஸ்பிரிங்கையும் குறிப்பிடும் மூன்றாவது என்று படிப்படியாக இறங்குவார்கள் நல்ல முகவர்கள். முதல் கோரலைப் பழைய காப்புரிமை ஒன்று விழுங்கினாலும் மூன்றாவது தப்பிக்கும்.

இரண்டு நுட்பங்களைச் சொல்லாமல் விட முடியாது. பாகங்களைப் பட்டியலிட்டால் போதாது, எது எதோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்கிறது என்பதும் கோரலுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் கூட்டல் என்று நிராகரிப்பார்கள். பென்சில் நுனியில் ரப்பர் பொருத்திய காப்புரிமையை 1875இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது இந்தக் காரணத்தால்தான். பென்சில் எழுதுகிறது, ரப்பர் அழிக்கிறது, ஒன்றுக்கொன்று எந்த உதவியும் இல்லை. அடுத்தது, சுமையையோ வண்டி அச்சையோ கோரலின் ஓர் உறுப்பாக எழுதிவிடுவது. வண்டி அச்சு, அதன் கீழ் நிற்கும் சட்டகம் என்று தொடங்கினால், ஜாக்கி செய்து விற்கும் தொழிற்சாலை நேரடியாக மீறவில்லை. ஏனென்றால் அது அச்சை விற்கவில்லை. அச்சின் கீழ் வைத்துத் தூக்கும் ஆயிரம் வண்டிக்காரர்கள்தான் மீறுகிறார்கள். அவர்கள்மேல் யார் வழக்குப் போடுவது?

விண்ணப்பம் உள்ளே போனதும் துறைக்கேற்ற பரிசோதகரிடம் சேரும். அவர் முந்தைய அமெரிக்க, அயல்நாட்டுக் காப்புரிமைகளைத் தேடி, கோரல்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக் கடிதம் எழுதுவார். முதல் கடிதத்திலேயே எல்லாவற்றையும் ஏற்பது அரிது. நிராகரிப்பின் வகைகள் சில: முன்பே இருக்கிறது, வெறும் கூட்டல், கைத்தேர்ச்சி உள்ள எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடிய மாற்றம், தெளிவில்லை, இயங்காது, ஒரே விண்ணப்பத்தில் இரண்டு கண்டுபிடிப்புகள் இருப்பதால் பிரி. மெக்கானிக் வகைக்கு மூத்த தாய் 1850இன் கதவுக் குமிழ் வழக்கு. மரத்துக்கும் உலோகத்துக்கும் பதிலாகக் களிமண்ணில் குமிழ் செய்தது கண்டுபிடிப்பு ஆகாது என்று அதில் தீர்ந்தது.

பதில் தர 1898க்கு முன் இரண்டு ஆண்டு, அதன்பின் ஓர் ஆண்டு, 1927 முதல் ஆறு மாதம். விட்டால் கைவிடப்பட்டதாகக் கணக்கு. திருத்தம் செய்ய மூலக் காகிதத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். இன்ன பக்கம், இன்ன வரி, இந்தச் சொல்லை நீக்கு, இதைச் செருகு என்று துல்லியமாகக் கடிதம் எழுத வேண்டும். தாக்கல் செய்த நாளில் எழுத்திலோ படத்திலோ இல்லாத எதையும் புதிதாகச் சேர்க்க முடியாது. மேலே கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: கோரலில் சொன்ன பாகம் படத்தில் விடுபட்டு, விவரக்குறிப்பில் தெளிவாக இருந்தால் படத்தைத் திருத்தலாம். இரண்டிலும் இல்லையென்றால் புது விண்ணப்பம், புதுத் தேதி, புதிதாக 15 டாலர்.

திருத்தத்தில் பதுங்கியிருக்கும் பாம்பு வேறு. பரிசோதகர் பட்டை ஸ்பிரிங் உள்ள பழைய ஜாக்கி ஒன்றைக் காட்டுகிறார். முகவர் உடனே கோரலில் சுருள் என்ற சொல்லைச் சேர்த்து அனுமதி வாங்கிவிடுகிறார். எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஐந்து ஆண்டு கழித்துப் போட்டியாளர் பட்டை ஸ்பிரிங்கோடு வருகிறார். அது சமமான மாற்று என்று இப்போது வாதிட முடியாது. அனுமதிக்காக விட்டுக்கொடுத்ததை வழக்கில் திரும்பக் கேட்க முடியாது. கடிதப் போக்குவரத்து முழுவதும் கோப்பில் இருக்கிறது, எதிர்த்தரப்பு அதன் நகலை வாங்கிப் படிக்கும்.

காப்புரிமை கிடைக்காவிட்டால் கட்டணம் வேண்டாம் என்று விளம்பரம் செய்த முகவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். என் கணிப்பில், சின்னக் கண்டுபிடிப்பாளர்களுக்கு அதிகச் சேதம் செய்தது பரிசோதகரின் கெடுபிடி அல்ல, இந்த ஏற்பாடுதான். காப்புரிமை வந்தால்தான் காசு என்றிருக்கும் முகவருக்கு, கோரலைக் குறுக்கிக்கொண்டே போவது சுலபம். முத்திரையும் நாடாவும் கட்டிய காகிதம் கண்டுபிடிப்பாளர் கைக்கு வந்துவிடும். அது எதையும் தடுக்காது என்பது பின்னால்தான் தெரியும்.

நல்ல கோரலுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் ரைட் சகோதரர்களின் 821,393ஆம் எண் காப்புரிமையைப் படியுங்கள். 1903 மார்ச் 23இல் அவர்கள் முகவர் இல்லாமல் தாங்களே தாக்கல் செய்தார்கள். கிட்டி ஹாக்கில் எஞ்சினோடு பறந்தது அந்த ஆண்டு டிசம்பர் 17இல்தான். ஆகவே படத்தில் இருப்பது எஞ்சின் இல்லாத கிளைடர். தாங்களே எழுதிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 1904 தொடக்கத்தில் ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த காப்புரிமை வழக்கறிஞர் ஹாரி டூல்மினிடம் போனார்கள். 1906 மே 22இல் காப்புரிமை வந்தது, 18 கோரல்களோடு. அவர்கள் இறக்கையைக் கயிற்றால் முறுக்கித்தான் சமநிலை பிடித்தார்கள். ஆனால் கோரல்களின் சாரம் முறுக்குவது அல்ல, இறக்கையின் இரு பக்க விளிம்புகளின் கோணத்தை எதிரெதிராக மாற்றுவது. இந்தக் குறிப்பிட்ட அமைப்போடு எங்கள் கண்டுபிடிப்பு முடிந்துவிடவில்லை, அந்தக் கோண மாற்றத்தைத் தரும் எந்த அமைப்பும் இதில் அடங்கும் என்று விவரக்குறிப்பிலேயே எழுதி வைத்தார்கள். போட்டி விமானத் தயாரிப்பாளர் கிளென் கர்ட்டிஸ் இறக்கையை முறுக்காமல், தனித்தனிச் சிறு மடல்களை வைத்துப் பறந்தபோது அந்த வரிக்கு வேலை வந்தது. 1914 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரைட் தரப்புக்கே தீர்ப்பளித்தது.

சுக்கான் பக்கத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. ஒரு பக்கக் கோணத்தைக் கூட்டினால் அந்தப் பக்கம் இழுவிசையும் கூடி எந்திரம் திரும்பிவிடும். அதை ஈடுசெய்ய நிமிர்ந்த சுக்கானைக் கூடவே திருப்ப வேண்டும். இறக்கையும் சுக்கானும் சேர்ந்து இயங்கும் இந்தச் சேர்க்கை தனிக் கோரல்களாக இருக்கிறது. அகலமான கோரல் விழுந்தாலும் இவை நிற்கும். ஜாக்கிக்குச் சொன்ன அதே படிக்கட்டு.

எதிர்முனையில் ஜார்ஜ் செல்டன். பெட்ரோல் வண்டிக்காக 1879 மே 8இல் தாக்கல் செய்துவிட்டு, ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு ஆண்டு அவகாசம் இருந்ததைப் பிழிந்தெடுத்து, திருத்தம் மேல் திருத்தமாக இழுத்தடித்தார். உரிமைக்காலம் வழங்கிய நாளிலிருந்துதான் ஓடும் என்பதால், கார் தொழில் வளரும்வரை விண்ணப்பத்தை உறங்கவிட்டது லாபம். 1895 நவம்பர் 5இல் 549,160ஆம் எண் வெளிவந்தது. 1903இல் உரிமம் பெற்ற உற்பத்தியாளர் சங்கம் அமைந்து, கார் விலையில் ஒன்றேகால் சதவீதம் வசூலித்தது. ஃபோர்டு கட்ட மறுத்தார். 1909இல் தோற்று, 1911 ஜனவரி 9இல் மேல்முறையீட்டில் வென்றார். நீதிமன்றம் செல்டன் காப்புரிமை செல்லாது என்று சொல்லவில்லை. செல்லும், ஆனால் அதில் விவரித்திருப்பது ஜார்ஜ் பிரேட்டனின் மாறா அழுத்த எஞ்சின் வகை, சாலையில் ஓடும் கார்களில் இருப்பது ஜெர்மானியர் ஓட்டோவின் நான்கடி எஞ்சின் வகை, ஆகவே மீறல் இல்லை என்றது. பதினாறு ஆண்டு சாமர்த்தியம் விவரக்குறிப்பில் 1879இல் எழுதிய எஞ்சினோடு கட்டுண்டு நின்றது.

தேதி விஷயத்தில் இன்னொரு வலை பொதுப் பயன்பாடு. அன்றைய சட்டத்தில், தாக்கலுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் முன்பே பொருளை விற்றிருந்தாலோ பொதுவில் பயன்படுத்தியிருந்தாலோ காப்புரிமை இல்லை. எவ்வளவு பயன்பாடு பொதுவாகும்? 1881 தீர்ப்பு ஒன்று இதை மிகக் கீழே இறக்கிவைத்தது. பெண்களின் இடுப்புக் கச்சைக்கான எஃகுப் பட்டைகளைச் செய்தவர் அவற்றைத் தன் தோழிக்குக் கொடுத்தார். அவர் அதை உடைக்குள்தான் அணிந்தார், வெளியில் யாரும் பார்க்க முடியாது. நிபந்தனையும் ரகசியக் கட்டுப்பாடும் இல்லாமல் கொடுத்ததால் அதுவே பொதுப் பயன்பாடு என்று முடிந்தது. மாறாக, மரக்கட்டைப் பாதை ஒன்றைப் பாஸ்டனுக்குப் பக்கத்தில் சுங்கச் சாலையில் பதித்து ஆறு ஆண்டு எல்லாரும் நடக்கவிட்டவர் தப்பினார். தினமும் போய்த் தேய்மானத்தைப் பார்த்தார், ஆகவே சோதனை. வித்தியாசம் கட்டுப்பாட்டிலும் நோக்கத்திலும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் ஒரே கண்டுபிடிப்புக்கு இரண்டு பேர் விண்ணப்பித்தால் யார் முந்தி என்று அலுவலகமே விசாரணை வைக்கும். இருவரும் சத்தியம் செய்து மூடிய உறையில் தேதிகள் தர வேண்டும்: எப்போது தோன்றியது, எப்போது பிறருக்குச் சொன்னீர், எப்போது வரைந்தீர், எப்போது செய்து ஓட்டிப் பார்த்தீர். முதலில் நினைத்தவர் பின்னால் செய்திருந்தால், இடையில் சும்மா இருக்கவில்லை என்று காட்ட வேண்டும். கண்டுபிடிப்பாளர் சொல் மட்டும் செல்லாது, சாட்சி வேண்டும். இங்கே வழக்குகள் உடைவது பெரும்பாலும் சாட்சியிடம். பக்கத்து மேசைக்காரர் வந்து, ஆமாம், ஏதோ ஜாக்கி செய்வதாகச் சொன்னார் என்பார். நாக்கு எப்படி விலகும் என்று சொன்னாரா என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் முழிப்பார். தேதியிட்டு, படித்துப் புரிந்துகொண்டேன் என்று இன்னொருவர் கையெழுத்திட்ட ஓவியத் தாள் ஒன்று, பத்துச் சாட்சிகளைவிட மதிப்புப் பெறும்.

பழைய கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவர்களுக்குச் சில வழிகள். 1927 வரை பொருளின் மேல் போட வேண்டியது வழங்கிய தேதிதான், எண் அல்ல. அமெரிக்கக் காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில் மட்டுமே வெளிவரும். கில்லெட் ரேசரின் 1904 நவம்பர் 15, மேரி ஆண்டர்சனின் கண்ணாடித் துடைப்பானின் 1903 நவம்பர் 10, பத்து லட்சமாவது எண்ணான ஹோல்டனின் டயர் வந்த 1911 ஆகஸ்ட் 8, எல்லாம் செவ்வாய். கருவியில் பொறித்த தேதி வேறு கிழமையில் விழுந்தால், தேய்ந்த இலக்கத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது அது அயல்நாட்டுத் தேதி. விண்ணப்பித்திருக்கிறோம் என்று மட்டும் பொறித்திருந்தால் அதற்குச் சட்ட பலம் எதுவும் கிடையாது. அந்தப் பொருளுக்குக் காப்புரிமை வராமலே போயிருக்கலாம்.

தேடிய காப்புரிமை கண்ணில் பட்டதும் முதலில் தலைப்பில் தாக்கல் தேதியையும் வழங்கிய தேதியையும் ஒப்பிடுங்கள். இடைவெளி மூன்று நான்கு ஆண்டைத் தாண்டினால் உள்ளே சண்டை நடந்திருக்கிறது. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கினால், எந்தச் சொல் எந்தக் கடிதத்துக்குப் பிறகு உள்ளே வந்தது என்பது வரி எண்ணோடு இருக்கும்.